உறைந்த ஏரியின் மூச்சு

 

இன்று மாலை உங்கள் முன் நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளின் நீரில் நிகழும் ரசாயன மாறுதல்களும், அம்மாறுதல்களுக்கு நடுவே சின்னஞ்சிறு பிராணிகள் உயிர் தரித்திருக்கும் விதமும் ஆகும். ஏரி உறைவதை ஒருநாளும் கண்டறியாத தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்த விசாரம் எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் மெண்டோட்டா ஏரிக்கு ஒரு நியதியும் நம் மதுராந்தகம் ஏரிக்கு ஒரு நியதியும் என்று இயற்கை வகுக்கவில்லை என்பதும், காற்றோடு கொண்ட உறவு அறுந்து மூடுண்டு கிடக்கும் ஏரியில் அந்தப் பொது நியதிகள் வேறெங்கும் காணாத தெளிவோடு தம்மை வெளிப்படுத்துகின்றன என்பதுமே அதற்கு என் விடை. அந்தத் தெளிவில் நாம் காணப்போகும் முதன்மையான உண்மையை இப்போதே சொல்லிவிடுகிறேன். உறைந்த ஏரியில் உயிர்களைக் கொல்வது குளிர் என்று உலகம் நினைக்கிறது. குளிர் கொல்வதில்லை. மூச்சு முட்டலே கொல்கிறது.

முதலில் நீரின் இயல்பைப் பார்ப்போம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்குகின்றன. சுருங்கச் சுருங்கக் கனக்கின்றன. நீரும் ஏறத்தாழ 4 டிகிரி சென்டிகிரேடு வரையில் அவ்வழியே செல்கிறது. அந்த எல்லையை எட்டியதும் அதன் போக்கு திரும்பிவிடுகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் நீர் சிறிது சிறிதாக விரிந்து இலேசாகிறது. பனிக்கட்டியாக மாறும்போது அதன் கன அளவு நூற்றுக்கு 9 பங்கு பெருகிவிடுகிறது. ஆதலால் குளிர்காலத்து ஏரியில் எல்லாவற்றிலும் கனத்த 4 டிகிரி நீர் அடியில் தங்குகிறது; பூஜ்ய டிகிரியை அணுகிய நீர் அதன்மேல் நிற்கிறது; பனிக்கட்டியோ எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கிறது. இவ்வாறு இல்லாமல், உறைந்த நீர் கனத்து அடியில் மூழ்குவதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏரி அடியிலிருந்து மேல்நோக்கி உறையத் தொடங்கியிருக்கும். ஆழமற்ற நீர்நிலைகள் முழுவதும் கல்லாக இறுகியிருக்கும். கோடையின் வெயிலால் அக்கல்லின் அடிப்பாகத்தை எட்டவும் முடிந்திராது. வடதேசத்து ஏரிகளில் இன்று புழுவும் பூச்சியும் மீனும் இருக்கின்றன என்றால், அதற்கு மூலகாரணம் நீரின் இந்த ஒற்றைக் குணமே ஆகும்.

வெளியே காற்று பூஜ்யத்துக்கு 30 டிகிரி கீழே போய் மரங்களின் கிளைகள் விறைத்து நிற்கும் இரவிலும், பனிக்கட்டியின் அடியில் வாழும் பிராணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழ்ப்பட்ட குளிர் தெரிவதில்லை. அப்படியானால் குளிர் அதற்குப் பகையாகுமா? ஆகாது. சொல்லப்போனால் குளிர் அதற்குத் துணை. எப்படி? வாயுக்கள் சுடுநீரில் கரைவதைக் காட்டிலும் குளிர்நீரில் மிகுதியாகக் கரைகின்றன. கடல்மட்டத்தில் காற்றோடு சமநிலை எய்திய நன்னீர், 30 டிகிரி உஷ்ணத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் தாங்கும். பூஜ்ய டிகிரியிலோ 14.6 மில்லிகிராம் வரை தாங்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு! அது மட்டுமா? உஷ்ணம் 10 டிகிரி குறைந்தால், இரத்தத்தின் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பிராணிகளின் மூச்சுத் தேவையும் சுமார் பாதியாகக் குறைகிறது. வரவு இரட்டிக்கிறது, செலவு சுருங்குகிறது. இதைவிடப் பெரிய அனுகூலம் ஒரு ஜீவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால், நண்பர்களே, இந்த அனுகூலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏரி மூடிக்கொண்ட நாளிலிருந்து புதிய வரவுக்கு வழி அடைபட்டுப்போகிறது. காற்று நீரைத் தொடுவதில்லை, அலை எழுவதில்லை, மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை. அறுவடை முடிந்து நெல்லைக் குதிரில் கொட்டி வாயை மெழுகிவிட்ட குடும்பம், அடுத்த விளைச்சல் வரையில் அந்த நெல்லைக்கொண்டே காலம் கழிக்கவேண்டியிருப்பதுபோல, இலையுதிர்காலத்துக் கடைசிக் காற்று நீரில் கலந்துவிட்டுப் போன பிராணவாயுவைக்கொண்டே ஏரியின் அத்தனை உயிர்களும் மூன்று, நான்கு, சில இடங்களில் ஆறு மாதங்கள் வரையில் வாழ்ந்தாகவேண்டும்.

அந்தச் சேமிப்பைச் செலவழிப்பவர்கள் யார்? மீனும் பூச்சியும் செலவழிப்பது சொற்பம். பெருஞ்செலவு அடிச்சேற்றில் நடக்கிறது. கோடையெல்லாம் செழித்து வளர்ந்து மடிந்த பாசியும் தாவரமும், கரைமரங்கள் உதிர்த்த இலைகளும் அடியில் படிந்து கிடக்கின்றன. அவற்றைச் சிதைக்கும் நுண்கிருமிகள் குளிரில் மெதுவாக உழைக்கின்றனவே தவிர, உழைப்பை நிறுத்துவதில்லை. பிராணவாயுவை உட்கொண்டு அவை கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயு வெளியேற வழியில்லாமல் நீரில் சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, நீரின் அமிலத்தன்மையைப் படிப்படியாக உயர்த்துகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் கிருமிகளும் குளிரில் சோர்ந்துவிடாமல் தம் பணியைத் தொடர்கின்றன; அதனால் பிராணவாயு எஞ்சியிருக்கும் நீரில் குளிர்காலம் முழுவதும் நைட்ரேட்டு சேர்ந்துகொண்டே போகிறது. பனிக்கட்டியும் தன் பங்குக்கு ஒரு மாறுதலைச் செய்கிறது. நீர் உறையும்போது அதன் ஸ்படிகக் கட்டுக்குள் உப்புக்களுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. அவை கீழ்நீரில் தள்ளப்படுகின்றன. ஆழமற்ற ஒரு குட்டையில் பாதி நீர் உறைந்துபோனால், மிஞ்சிய பாதியில் உப்பின் செறிவு ஏறத்தாழ இரட்டித்துவிடும்.

பிராணவாயு அடிச்சேற்றின் அருகில் அற்றுப்போகும் நிலை வந்ததும் என்ன நிகழ்கிறது என்பதை இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் வேலை செய்த கிளிஃபர்டு மார்ட்டிமர் என்ற ஆராய்ச்சியாளர் 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினார். பிராணவாயு உள்ளவரையில் சேற்றின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அதில் உள்ள துருவேறிய இரும்பு, பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிராணவாயு தீர்ந்ததும் அந்த இரும்பு ரூபம் மாறிக் கரைகிறது, பிடி தளர்கிறது, அடைபட்டிருந்த பாஸ்பேட்டும் மாங்கனீசும் இரும்பும் நீருக்குள் பாய்கின்றன. அதற்கும் மேலே நிலைமை முற்றினால், அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும், சேற்றிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும் மீத்தேனும் தோன்றுகின்றன.

இந்த வீழ்ச்சியைத் தடுக்க வல்லது ஒன்றே ஒன்றுதான்: ஒளி. தெளிந்த பனிக்கட்டி சூரிய ஒளியைப் பெருமளவு உள்ளே விடும். ஒளி கிடைத்தால் அடியிலிருக்கும் பாசிகள் குளிரிலும் பிராணவாயுவை உண்டாக்கும். ஆனால் அந்தப் பனிக்கட்டியின்மேல் வெண்பனி பெய்து குவிந்துவிட்டால் ஒளி நின்றுபோகிறது. பாசியின் உற்பத்தியும் நின்றுபோகிறது. ஆழம் குறைந்து களை மண்டிய ஏரிகளில், வெண்பனி கனத்துப் பெய்த ஆண்டுகளில், மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிந்து, பனிக்கட்டி உருகும்போது கரையில் ஒதுங்குவதை மின்னசோட்டா, விஸ்கான்சின் முதலிய மாநிலங்களின் மக்கள் நன்கு அறிவார்கள். குளிர் அதிகமான ஆண்டில் அல்ல, வெளிச்சம் குறைந்த ஆண்டில் அவை மடிகின்றன என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். மூடிக்கிடக்கும் ஏரியிலிருந்து பனிக்கட்டியைத் துளைத்து நீரெடுத்து, லாயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரி ரசாயனி 1888-ல் வகுத்த முறைப்படி அதில் உள்ள பிராணவாயுவை அளந்து, இந்தக் கணக்கை உலகம் அறியச் செய்த முன்னோடிகளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வர்டு பர்ஜ், சான்சி ஜுடே ஆகிய இருவரையும் நன்றியோடு குறிப்பிடவேண்டும். ஏரிகளில் கரைந்துள்ள வாயுக்களைப்பற்றியும் உயிர்களுக்கு அவை எவ்வளவு முக்கியம் என்பதுபற்றியும் 1911-ல் அவர்கள் வெளியிட்ட நூல் ஏரியியலின் அஸ்திவாரக் கற்களில் ஒன்றாகும்.

இனி, இந்த நெருக்கடியில் சிற்றுயிர்கள் என்ன செய்கின்றன? இங்கேதான் இயற்கையின் பல்வகை உபாயங்களைக் கண்டு நாம் வியக்கவேண்டியிருக்கிறது.

ஒரு கூட்டம் உறங்கிவிடுகிறது. குளத்து நீரில் துள்ளித் துள்ளி நீந்தும் டாப்னியா என்னும் சிறு பிராணி, கோடை முழுவதும் ஆணின் துணையின்றியே பெண்ணுக்குப் பெண்ணாகப் பெருகிக்கொண்டு போகிறது. பகல் குறுகி உணவு அருகத் தொடங்கியதும் ஆண்கள் பிறக்கின்றன. சேர்க்கையில் உண்டான முட்டைகள் கருத்துத் தடித்த ஓர் உறைக்குள், பெரும்பாலும் இரண்டிரண்டாக அடைக்கப்பட்டு, தாய் மடிந்தபின் சேற்றில் தங்குகின்றன. நன்னீர்ப் பஞ்சுயிர்கள் உடலெல்லாம் சிதைந்துபோனாலும், கடினமான சிறு மணிகளை விட்டுச் செல்கின்றன. ஒவ்வொரு மணியிலிருந்தும் வசந்தத்தில் ஒரு புதிய பஞ்சுயிர் முளைக்கும். சைக்ளாப்ஸ் என்ற பிராணியை நம் நாட்டில் நரம்புச் சிலந்தி நோயைப் பரப்பியதற்காகப் பலர் அறிந்திருப்பீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனம், நார்வே நாட்டு ஏரிகளில் முழு வளர்ச்சி எய்துவதற்கு முன்னமே அடிச்சேற்றில் இறங்கிப் புதைந்து, குளிர்காலத்தை அசைவற்றுக் கழிக்கிறது. சேற்றில் இவ்வாறு தங்கும் முட்டைகளின் பொறுமைக்கு எல்லை எது? அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்து ஏரிச் சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட, 300 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய சிற்றுயிர் முட்டைகள் பொரித்திருக்கின்றன. அக்பரின் பேரப்பிள்ளைகள் காலத்தில் இடப்பட்ட முட்டை நம் காலத்தில் கண் திறக்கிறது!

மற்றொரு கூட்டம் உறங்காமல் உடலை மாற்றிக்கொள்கிறது. கொசுவின் உருவமும் கடிக்காத குணமும் கொண்ட கைரோனோமஸ் என்னும் பூச்சியின் புழு, சேற்றுக் குழாய்க்குள் வாழ்கிறது. வண்ணமீன் வளர்ப்போர் இதை இரத்தப்புழு என்று வாங்கி மீனுக்கு இடுவார்கள். அதன் செந்நிறம் நம் இரத்தத்தின் செந்நிறத்துக்குக் காரணமான ஹீமோகுளோபினால் ஆனது. பிராணவாயு மிக மிகக் குறைந்த நீரிலும் அதைப் பற்றிக்கொள்ளும் வன்மை அந்த ஹீமோகுளோபினுக்கு இருக்கிறது. டாப்னியாவில் எஞ்சி நீந்துபவையும் மூச்சுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தால் இதே பொருளை மிகுதியாக உண்டாக்கிக்கொண்டு, நிறமற்ற உடல் சிவந்து தோன்றுகின்றன.

மூன்றாவது கூட்டம் காற்றையே மூட்டை கட்டிக் கொண்டுபோகிறது. முதுகுப்புறமாக நீந்தும் நோட்டோனெக்டா என்னும் பூச்சி, வயிற்றின் அடியில் ஒரு காற்றுக் குமிழைத் தாங்கி நீருக்குள் செல்கிறது. அதில் உள்ள பிராணவாயு தீர்ந்ததும் அது மேலே வந்தாகவேண்டும் என்றுதானே நாம் நினைப்போம்? டென்மார்க்கைச் சேர்ந்த ரிச்சர்டு எகே 1915-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டிற்று. குமிழில் பிராணவாயு குறையக் குறைய, சுற்றியுள்ள நீரிலிருந்து புதிய பிராணவாயு குமிழுக்குள் நுழைகிறது. குமிழின் வடிவத்தை நிலைநிறுத்திக் காப்பது மெதுவாகக் கரையும் நைட்ரஜனே. நைட்ரஜன் கலவாத சுத்தப் பிராணவாயுவைக் கொடுத்தபோது அப்பூச்சிகள் நெடுநேரம் வாழ்வதற்கு மாறாக விரைவில் மூச்சிழந்தன! குமிழ் சேமிப்பாக மட்டும் இல்லாமல், செவுளாகவும் தொழிற்படுகிறது. குளிர்நீரில் பூச்சியின் தேவை குறைவு. நீரில் பிராணவாயு மிகுதி. ஆகவே கோடையில் சில மணி நேரமே பயன்படும் குமிழ், குளிர்காலத்தில் மிக நெடுங்காலம் பயன்படுகிறது.

நான்காவது கூட்டத்தைப்பற்றிச் சொல்லும்போது நாம் ஏரியை விட்டு ஓடைக்குப் போகவேண்டும். கற்களிடையே சலசலத்து ஓடும் ஓடைநீர் காற்றோடு உறவாடிக்கொண்டே இருப்பதால், குளிர்காலத்தில் அதில் பிராணவாயு நிறைந்திருக்கிறது. கற்களின் அடியில் ஒட்டி வாழும் ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் சில குடும்பங்கள் இதைப் பயன்படுத்தும் விதம் ஆச்சரியமானது. மற்றப் பூச்சிகள் கோடையில் வளர்ந்து குளிரில் ஒடுங்க, இவை கோடையில் ஒடுங்கிக் குளிரில் வளர்கின்றன. இலையுதிர்காலத்தில் ஓடையில் விழுந்த இலைகளைத் தின்று கொழுத்து, வெண்பனி உருகுவதற்கு முன்னமே நீரை விட்டு வெளியேறி, வெண்பனியின் மேலேயே நடந்து துணை தேடுகின்றன. குளிரே கொல்லி என்று சொல்வோருக்கு இந்தச் சிறு பூச்சி தரும் மறுப்பைவிடத் தக்க மறுப்பு வேறு உண்டா?

உறைந்த ஏரி உயிர் தாங்கும் என்பதோடு நில்லாமல், உயிரைப் பெருக்கவும் வல்லது என்பதற்கு உலகத்திலேயே ஆழமான ஏரியாகிய பைக்கால் சாட்சியாக இருக்கிறது. 1,642 மீட்டர் ஆழமுள்ள அந்தச் சைபீரிய ஏரி ஜனவரியில் உறைந்து மே மாதம் வரையில் மூடிக்கிடக்கிறது. அங்கே வெண்பனியைக் காற்று பெருமளவு வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஆதலால் தெளிந்த பனிக்கட்டியின் வழியே ஒளி இறங்கி, சிலிக்கா ஓடு பூண்ட டயாட்டம் என்னும் நுண்பாசிகள் பனிக்கட்டியின் அடியிலேயே பெருகிச் செழிக்கின்றன. எபிஷுரா என்ற சிறு பிராணியும் பிற சிற்றுயிர்களும் ஆண்டு முழுவதும் அந்நீரில் வாழ்ந்து, மீன்களுக்கு உணவாகின்றன. மிகயீல் கோஷோவ் என்ற விஞ்ஞானி 1945-ம் ஆண்டுவாக்கில் தொடங்கிய அளவீட்டை, அவருக்குப் பின் அவர் மகள் ஓல்காவும், அவருக்குப் பின் பேத்தி லியுபோவும், கோடையென்றும் குளிரென்றும் பாராமல் 60 ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வந்தார்கள். மூன்று தலைமுறைகள் ஒரே ஏரிக்குச் செய்த இந்தச் சேவைக்கு நாம் தலைவணங்கவேண்டும்.

வசந்தம் வருகிறது, பனிக்கட்டி உடைகிறது, ஏரி முழுவதும் 4 டிகிரியை எட்டும் அந்தச் சில நாட்களில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் கனத்தில் வித்தியாசம் இல்லாமற்போக, காற்று ஏரியை அடிவரை புரட்டுகிறது. பிராணவாயு அடிச்சேற்றை எட்டுகிறது. குளிர்காலம் சேர்த்துவைத்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒளியுள்ள மேல்நீரை எட்டுகின்றன. பாசி பொங்குகிறது, உறங்கிய முட்டைகள் பொரிக்கின்றன, டாப்னியா பெருகிப் பாசியை மேய்ந்துவிட, மெண்டோட்டா போன்ற ஏரிகளில் வசந்தத்தின் முடிவில் நீர் சில வாரங்கள் பளிங்குபோலத் தெளிகிறது. இத்தனைக்கும் விதை எங்கே விழுந்தது? பனிக்கட்டியின் அடியில்தான்!

இந்த நுண்ணிய கணக்கில் மனிதன் கை வைத்தால் என்ன ஆகும்? மூன்று விதமாக அவன் கைவைத்திருக்கிறான். சாக்கடையையும் வயல்களின் உரத்தையும் ஏரியில் விட்டு, அழுகவேண்டிய பாசியைக் கோடையிலேயே பெருக்கிவிடுகிறான். அதன் விளைவாக ஏரி குளிர்காலத்துக்குள் கடனோடு நுழைகிறது. சாலைகளில் பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுகிறான். அந்த உப்புநீர் ஓடி வந்து கனத்து அடியில் தங்குகிறது. நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரை ஒட்டிய ஐராண்டிகோயிட் விரிகுடாவில் 1970-ம் ஆண்டு வசந்தத்தில், இவ்வாறு சேர்ந்த உப்பு, நீர் முழுமையாகப் புரளவொட்டாமல் தடுத்துவிட்டது. மூன்றாவதாக, பூமியின் உஷ்ணத்தையே உயர்த்திவிட்டான். ஜப்பானின் சுவா ஏரி உறையும் நாளை 1443 முதல் ஷிண்டோ ஆலய அர்ச்சகர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அது உறையாத ஆண்டுகள் முற்காலத்தில் அபூர்வம், இக்காலத்தில் சர்வசாதாரணம். மெண்டோட்டாவின் உறைகாலம் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்ததைவிட ஏறத்தாழ ஒரு மாதம் குறைந்துவிட்டது. குளிர்காலத்துக்கென்று காலக்கணக்கு வகுத்துக்கொண்ட உயிர்களுக்குக் குளிர்காலமே இல்லாமற்போவது நன்மை என்று எவர் சொல்ல முடியும்?

முடிவாக, நம் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். நம் குளங்களில் பனிக்கட்டி இல்லை. ஆனால் பாசி மண்டிய குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் ஒளியின்றிப் பாசியும் கிருமியும் பிராணவாயுவைச் செலவழித்ததன் விளைவு அது. வெண்பனி மூடிய ஏரியில் மாதக்கணக்கில் நடப்பது இங்கே ஓர் இரவில் நடக்கிறது. நம் கண்மாய்கள் கோடையில் வறண்டு வெடித்துக் கிடக்கும்போது, வடநாட்டுப் பிராணிகள் குளிருக்கு அஞ்சி இட்ட முட்டைகளைப்போலவே, ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் முதலிய நம் சிற்றிறால் வகைகள் வறட்சிக்கு முன்னேற்பாடாக இட்ட முட்டைகள் அந்த மண்ணில் உயிரோடு காத்திருக்கின்றன. ஆகையால், மாணவ நண்பர்களே, வறண்ட கண்மாயைச் செத்த நிலம் என்று கருதி அதில் குப்பையைக் கொட்டவும் மண்ணிட்டு மூடவும் வருவோரைத் தடுத்து நிறுத்துங்கள். நீர் நிறைந்த மாதங்களில் மட்டும் அல்லாமல், வற்றிய மாதங்களிலும் உங்கள் ஊர்க் குளத்துக்குப் போங்கள். அதன் நீரையும் மண்ணையும் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அளந்து குறித்து வையுங்கள். கோஷோவ் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்ததை உங்களில் ஒருவராவது ஒரு தலைமுறைக்காவது செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாக்கடை கலவாமல் குளத்தைக் காத்துக்கொள்ளுங்கள். குளிரையும் வறட்சியையும் வெல்லும் உபாயம் அச்சிற்றுயிர்களுக்குத் தெரியும். சாக்கடையை வெல்லும் உபாயம் அவற்றுக்குத் தெரியாது. அந்தக் கடமை நம்முடையது.